சமதளக் குதிரைப் பந்தய முன்கணிப்பு

சமதளக் குதிரைப் பந்தய முன்கணிப்பு என்பது, தாண்டுதடைகள் இல்லாத ஓடுதளத்தில் ஓடவிருக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அதைப் பந்தயச் சந்தையில் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி. ‘எந்தக் குதிரை ஜெயிக்கும்?’ என்ற கேள்விக்கு விடை சொல்வதாகவே பொதுவாக இதை நினைக்கிறார்கள். தேர்ந்த கணிப்பாளரின் வேலை அதுவல்ல. பத்துக் குதிரைகள் ஓடினால் பத்துக்கும் அவர் ஒரு விழுக்காடு போட்டாக வேண்டும். வெல்ல வாய்ப்பு மிகுந்த குதிரையும், பணம் கட்டத் தகுந்த குதிரையும் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும்.

இக்கலை வளர்ந்த இடம் பிரிட்டன். பந்தய முடிவுகளைப் பதிவு செய்யும் ‘ரேசிங் காலண்டர்’ 1773 முதலும், தரோபிரெட் இனக் குதிரைகளின் வம்சப் பதிவேடு 1791 முதலும் அங்கு அச்சில் வரத் தொடங்கின. எந்தக் குதிரை எதை எவ்வளவு இடைவெளியில் வென்றது என்ற ஏடு கைக்கு வந்த பிறகுதான் ஊகம் கணக்காக மாறியது. 1948இல் ‘டைம்ஃபார்ம்’ நிறுவனத்தைத் தொடங்கிய ஃபில் புல், கணிதம் படித்தவர். ஓட்ட நேரங்களை அடிப்படையாகக் கொண்டு குதிரைக்கு ஓர் எண் தரும் முறையை அவர் பரவலாக்கினார். 2010 முதல் 2012 வரை ஓடிய 14 பந்தயங்களிலும் தோற்காத ஃபிராங்கல் பெற்ற 147தான் அந்நிறுவனம் சமதளப் பந்தயத்தில் கொடுத்த மிக உயர்ந்த மதிப்பெண்.

பந்தய அட்டையைப் படித்தல்

பிரிட்டனில் பந்தயத்துக்கு 48 மணி நேரம் முன்பே ஓடும் குதிரைகள் உறுதியாகிவிடும். அப்போது வெளியாகும் அட்டையில் குதிரையின் பெயருக்கு முன்னால் 21-340 என்பதுபோல ஓர் எண்வரிசை இருக்கும். வலக்கோடியில் இருப்பது கடைசி ஓட்டம். இடைக்கோடு பருவத்தைப் பிரிக்கிறது. 0 என்றால் பத்தாவது இடம் அல்லது அதற்கும் கீழே. அருகில் C என்ற எழுத்து இருந்தால் அதே மைதானத்திலும், D இருந்தால் அதே தூரத்திலும் முன்பு வென்றிருக்கிறது என்று பொருள்.

புதிதாகப் பார்ப்பவர் அந்த 0வைக் கண்டதும் குதிரையை ஒதுக்கிவிடுவார். அந்த 0 எங்கே, எப்படி வந்தது என்று தேடுவதுதான் முன்கணிப்பின் தொடக்கம். பொருந்தாத தூரத்தில் ஓடியிருக்கலாம். சேற்றுத் தரையில் திணறியிருக்கலாம். உயர்தரப் பந்தயமொன்றில் வலிமையான குதிரைகளுக்குப் பின்னால் மூன்று லெங்த் (குதிரை நீளம்) இடைவெளியிலேயே வந்திருக்கலாம். எளிய பந்தயத்தில் பெற்ற 1ஐவிட அத்தகைய 0 மதிப்புள்ளது.

தூரப் பொருத்தம் இதில் முதன்மையானது. சமதளப் பந்தயங்கள் 5 ஃபர்லாங்கில் (சுமார் 1,000 மீட்டர்) தொடங்கி, ஆஸ்கட் கோல்டு கப் போன்றவற்றில் இரண்டரை மைலளவுக்கு நீள்கின்றன. குறுந்தூர வேகமும் நெடுந்தூரத் தாங்குதிறனும் ஒரே குதிரையிடம் அமைவது அரிது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவின் வேறுபாடுகளுக்கும் குதிரைக்குப் பொருந்தும் தூரத்துக்கும் தொடர்புண்டு என்று எமலின் ஹில் தலைமையிலான டப்ளின் ஆய்வுக்குழு 2010இல் காட்டியது. வளர்ப்பாளர்கள் தந்தைக் குதிரையின் பெயரைப் பார்த்தே நெடுங்காலம் சொல்லிவந்த ஒன்றுக்கு அது ஆய்வகச் சான்றாக அமைந்தது.

இரண்டு வயதுக் குட்டிகள் ஓடும் பந்தயங்களில், பழைய ஓட்டங்களைப் படிக்கும் இந்த முறை முழுவதும் தடுமாறிவிடும். ஓரிரு முறையே ஓடிய, அல்லது ஒருமுறையும் ஓடாத குட்டிகளைப் பற்றி ஏட்டில் என்ன இருக்கும்? ராயல் ஆஸ்கட் பந்தயத் தொடரில் 2020இல் கோவென்ட்ரி ஸ்டேக்ஸை வென்ற நாண்டோ பராடோவின் விலை 150-க்கு-1. 2023இல் நார்ஃபோக் ஸ்டேக்ஸை வென்ற வேலியன்ட் ஃபோர்ஸின் விலையும் அதுவே. இரண்டும் இரண்டு வயதுக் குட்டிகளுக்கான பந்தயங்கள் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

தரையும் தடமும்

பிரிட்டனில் புல்தரையின் நிலை கடினம் முதல் கனத்த சேறு வரை ஏழு படிகளாக அறிவிக்கப்படுகிறது. தரையில் குத்தி அளக்கும் ‘கோயிங் ஸ்டிக்’ கருவியின் எண்ணையும் சேர்த்துத் தருகிறார்கள். இந்தியாவில் அதே வேலைக்குப் பெனிட்ராமீட்டர் பயன்படுகிறது. காலையில் எழுதிய முன்கணிப்பு மதியம் பெய்த மழையில் செல்லாமல் போவது அன்றாட நிகழ்வு. அகன்ற குளம்பும் உயர்த்தி வைக்கும் நடையும் உள்ள குதிரைக்கு ஈரத்தரை பிடிக்கும் என்பது மைதானத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. ஈரத்தரையில் அந்தக் குதிரை முன்பு என்ன செய்தது என்பதே அதைவிட நம்பகமான சான்று.

மைதானத்தின் வடிவமும் முடிவைப் பாதிக்கும். எப்சம் டெர்பி ஓடும் தடம் முதலில் சுமார் 40 மீட்டர் ஏறி, பின்னர் டாட்டனம் கார்னர் என்ற வளைவுவரை இறங்கி, கடைசி நேர்த்தடத்தில் உட்கம்பியை நோக்கிச் சாய்கிறது. வேகம் மட்டுமே உள்ள குதிரை அங்கே கால் தடுமாறும். நியூமார்க்கெட்டின் ரௌலி மைல் தடமோ வளைவே இல்லாமல் நீண்டு, இறுதியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. ஒன்றில் வென்ற குதிரை மற்றொன்றிலும் வெல்லும் என்று எழுத எந்த ஆதாரமும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, குலுக்கலில் கிடைக்கும் புறப்பாட்டு வாயிலின் எண்ணையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் செஸ்டர் மைதானத்தில் 1539 முதல் பந்தயம் நடந்துவருகிறது. தடத்தின் சுற்றளவு ஒரு மைலுக்குச் சற்றே கூடுதல், கிட்டத்தட்ட வட்டம். 5 ஃபர்லாங் பந்தயம் ஏறக்குறைய முழுவதும் வளைவிலேயே ஓடி முடிகிறது. உட்கம்பியை ஒட்டிய 1, 2, 3 எண் வாயில்களிலிருந்து புறப்படும் குதிரை குறைந்த தூரம் ஓடினால் போதும். வெளிவாயில் குதிரைக்கு இரண்டே வழி: வளைவின் வெளிப்புறமாகக் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அல்லது பின்தங்கி உள்ளே புகுந்து இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டும். பலர் இதைக் கண்டுபிடித்தவுடன் இரகசியம் கிடைத்துவிட்டதாக மகிழ்கிறார்கள். செஸ்டருக்கு வரும் எல்லோருக்கும் இது தெரியும். எனவே உள்வாயில் குதிரைகளின் விலை முன்பே குறுகிவிடுகிறது. எல்லோருக்கும் தெரிந்த உண்மை, உண்மையாகவே இருந்தாலும், லாபம் தராது. வெளிவாயில் கிடைத்ததாலேயே புறக்கணிக்கப்பட்டு, புறப்பாட்டில் மிக விரைவாக இருக்கும் ஒரு குதிரையைத் தேடுவதே அங்கே பயனுள்ள உழைப்பு.

ஆஸ்கட்டின் நேர்த்தடத்தில் சிக்கல் வேறு வகையானது. ராயல் ஹன்ட் கப் போன்ற பந்தயத்தில் 30 குதிரைகள்வரை ஓடும்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இரு ஓரங்களிலும் தனித்தனியே ஓடுவதுண்டு. எந்த ஓரத்தில் வேகமாக முன்னோடும் குதிரைகள் அதிகம் என்று பார்த்தே கணிக்க வேண்டும்.

எடையின் கணக்கு

ஹேண்டிகேப் பந்தயத்தில் திறமையான குதிரை அதிக எடை சுமக்கும். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதே எடை நிர்ணயிக்கும் அதிகாரியின் இலட்சியம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அட்மிரல் ஹென்றி ரூஸ், வயதுக்கேற்ற எடை அளவுகோலை வகுத்து இதற்கு அடித்தளம் இட்டார்.

கணக்கு இப்படிப் போகும். ஒரு மைல் பந்தயத்தில் ஒரு லெங்த் இடைவெளி என்பது தோராயமாக 2 பவுண்டு எடைக்குச் சமம் (1 பவுண்டு சுமார் 450 கிராம்). 5 ஃபர்லாங்கில் அதே இடைவெளி சுமார் 3 பவுண்டு பெறும். இரண்டு மைலில் ஒரு பவுண்டுக்கு இறங்கிவிடும். சம எடையோடு ஒரு மைல் ஓடி இரண்டு லெங்த்தில் வென்ற குதிரைக்கு அடுத்த முறை 4 பவுண்டு கூட்டினால், ஏட்டளவில் இரண்டும் சமமாக வர வேண்டும். அப்படி நடப்பது அபூர்வம். வென்ற குதிரையின் ஜாக்கி கடைசி நூறு மீட்டரில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தால், அதன் உண்மையான மேன்மை ஏட்டில் பதிவாகவே இல்லை. பயிற்சி ஜாக்கிகளுக்கு அனுபவத்தைப் பொறுத்துத் தரப்படும் 3, 5, 7 பவுண்டு சலுகையும் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. கைதேர்ந்த ஓர் இளைஞர் 7 பவுண்டு சலுகையோடு ஏறும் சில மாதங்கள், கணிப்பாளருக்குக் கிடைக்கும் தெளிவான வாய்ப்புகளுள் ஒன்று.

விலையும் வாய்ப்பும்

4-க்கு-1 என்ற விலை, அக்குதிரை ஐந்தில் ஒருமுறை, அதாவது 20% வாய்ப்போடு வெல்லும் என்று சந்தை சொல்வதற்குச் சமம். 2-க்கு-1 என்றால் 33.3%. ஆறு குதிரைகள் ஓடும் ஒரு பந்தயத்தில் விலைகள் முறையே 2, 3, 4, 5, 8, 10-க்கு-1 என்று இருப்பதாகக் கொள்வோம். விழுக்காடுகளைக் கூட்டினால் 100 வர வேண்டும், 115 வருகிறது. மிகையான அந்தப் 15, பந்தயப் பணம் ஏற்கும் புக்கியின் பங்கு. பந்தயம் கட்டுபவர் இந்தச் சரிவில் நின்றுகொண்டுதான் தொடங்குகிறார்.

இங்கே முன்கணிப்பின் மையம் வெளிப்படுகிறது. 2-க்கு-1 விலையுள்ள ஃபேவரிட்டின் உண்மையான வாய்ப்பு 30% என்று மதிப்பிட்டால், அதில் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயும் சராசரியாக 10 ரூபாய் இழக்கும். அதே பந்தயத்தில் 4-க்கு-1 விலையுள்ள குதிரைக்கு 25% வாய்ப்பு என்றால் சராசரியாக 25 ரூபாய் கூடும். வெல்ல அதிக வாய்ப்புள்ள குதிரை மோசமான பேரமாகவும், நான்கில் மூன்று முறை தோற்கும் குதிரை நல்ல பேரமாகவும் இருக்க முடியும். வெற்றியாளரை மட்டும் அறிவிக்கும் ‘டிப்ஸ்’ எழுத்து இதைச் சொல்லாமல் விடுகிறது. அது வாசகருக்குச் செய்யும் அநீதி.

விலை வாய்ப்பிலிருந்து எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதற்கு 1996 செப்டம்பர் 28 சான்று. அன்று ஆஸ்கட்டில் ஜாக்கி ஃபிராங்கி டெட்டோரி முதல் ஆறு பந்தயங்களையும் வென்றுவிட்டார். ஏழாவதில் அவர் ஏறவிருந்த ஃபுஜியாமா கிரெஸ்டின் காலை விலை 12-க்கு-1. அவர் ஏறும் எல்லாக் குதிரைகளிலும் தொடர்ச்சியாகக் கட்டியிருந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையை அஞ்சி, புக்கிகள் மைதானத்தில் பணம் இறக்க, விலை 2-க்கு-1 ஆகச் சரிந்தது. 8% வாய்ப்புள்ளதாகக் கருதப்பட்ட குதிரை சில மணி நேரத்தில் 33% ஆனது. குதிரையிடம் எந்த மாற்றமும் இல்லை. அது வென்றது, ஏழும் சேர்ந்து 25,000-க்கு-1ஐயும் தாண்டிய விலை கிடைத்தது. அந்த வெற்றியை வைத்து 2-க்கு-1 சரியான விலை என்று வாதிடுவது தவறு. ஒரே ஒரு முடிவு எந்த மதிப்பீட்டையும் மெய்ப்பிப்பதில்லை.

புக்கி இல்லாமல் கட்டியவர்களின் பணத்தையே பங்கிடும் முறையைப் பாரிஸில் 1867இல் ஜோசப் ஒல்லெர் உருவாக்கினார். அதுவே டோட் ஆயிற்று. இரு முறைகளிலும், வெல்ல வாய்ப்புக் குறைவென்று கருதப்படும் நீள்விலைக் குதிரைகளில் மக்கள் தேவைக்கு மேல் கட்டுகிறார்கள் என்பதை 1949இல் உளவியலாளர் கிரிஃபித் தொடங்கிப் பலர் கண்டிருக்கிறார்கள்.

ஹாங்காங்கில் கணினி மாதிரி வைத்துப் பெரும்பணம் ஈட்டிய பில் பென்டர், 1994இல் வெளியிட்ட கட்டுரையில் முக்கியமான ஒன்றைப் பதிவு செய்தார். குதிரைகளின் ஏடுகளை மட்டும் வைத்த மாதிரியைவிட, அதோடு பொதுமக்கள் தீர்மானித்த விலையையும் சேர்த்த மாதிரி துல்லியமாக இருந்தது. கூட்டத்துக்குத் தெரிந்தது எந்த ஒரு கணிப்பாளருக்கும் முழுமையாகத் தெரியாது.

தமிழ்நாட்டு வழக்கு

இந்தக் கணிப்பு திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்துதான் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சென்னை கிண்டியில் 18ஆம் நூற்றாண்டிலேயே பந்தயம் தொடங்கியது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. ‘ரேஸுக்குப் போய்க் குடும்பம் அழிந்தது’ என்ற பேச்சு ஊரெங்கும் இருந்த நிலையில், 1974இல் மு. கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் வந்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. குதிரையின் திறன், பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றை எடைபோட்டுச் செய்யப்படுவதால் இதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று நீதிமன்றம் கூறியது. 1986 சட்டத்தையும் செல்லாது என்றது. பின்னாளில் ரம்மி, இணைய விளையாட்டுகள் பற்றிய வழக்குகளில் தொடர்ந்து மேற்கோள் காட்டப்பட்டது இத்தீர்ப்பு.

சட்டம் திறமையென்று ஏற்றுக்கொண்டதால் கட்டுபவரின் கணக்கு மாறிவிடவில்லை. கட்டும் முழுத் தொகையின் மீது விதிக்கப்படும் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காடாக இருந்து, 2025 செப்டம்பரில் 40 ஆக உயர்த்தப்பட்டது. ஹாங்காங்கின் கணினி மாதிரிகளுக்கும் எட்டாத அளவு துல்லியம் இருந்தால்தான் அத்தகைய வரியைத் தாண்டி முறைப்படியான டோட்டில் நெடுநாள் லாபத்தில் நிற்க முடியும்.