நீனா சிமோனுக்கு முன் யூனிஸ் வேமன்: ‘தகுதி’ குறித்துச் சில குறிப்புகள்

1

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கூட்டத்தில் நீனா சிமோன் பற்றிப் பேசினேன். 1963இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெள்ளை நிறவெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியானபோது ‘மிஸிஸிப்பி காட்டேம்’ பாடலை எழுதியவர், போராட்டத்தின் குரல் என்றெல்லாம் சொல்லிவிட்டு முத்தாய்ப்பாக ஒன்று சொன்னேன்: “நல்லவேளை, அந்த இசைக்கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்திருந்தால் பாஹ் வாசிக்கும் இன்னொரு பியானோ கலைஞர் உருவாகியிருப்பார். நமக்கு நீனா கிடைத்திருக்க மாட்டார்.” கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் மட்டும், “அந்தம்மா என்னவாகணும்னு நெனச்சாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக எழுதும் பதில். சுயவிமர்சனம் என்றும் கொள்ளலாம்.

2

யூனிஸ் கேத்லீன் வேமன் 1933 பிப்ரவரி 21இல் வட கரோலினாவின் ட்ரையன் என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஆறாவது. தாய் மெதடிஸ்ட் சபைப் போதகர்; வெள்ளையர் வீட்டில் வேலைக்கும் போனவர். குழந்தை மூன்று வயதிலேயே கேட்ட பாட்டைத் தானாக வாசித்ததாகச் சொல்வார்கள். தாய் வேலை செய்த வீட்டு எஜமானி அந்த வாசிப்பைக் கேட்டு, பியானோ வகுப்புக்கு ஓராண்டுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டார். பிறகு ‘யூனிஸ் வேமன் நிதி’ என்று ஊரே பணம் திரட்டியது; வெள்ளையரும் கொடுத்தார்கள், கறுப்பரும் கொடுத்தார்கள்.

ஆசிரியை முரியல் மசனோவிச் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர். ரயில் தண்டவாளத்தைத் தாண்டி வெள்ளையர் பகுதிக்கு நடந்துபோய்ச் சிறுமி பாடம் படித்தாள். அங்கே அறிமுகமானவர் பாஹ். ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்துக்குக் காரணமாக நிற்கும் அந்த ஒழுங்கில் விழுந்த மனம் கடைசிவரை வெளியே வரவில்லை. கச்சேரி பியானோ கலைஞராவது என்று முடிவாயிற்று. அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கச்சேரி பியானோ கலைஞர் என்று ஊர் அவளை வளர்த்தது.

இதில் இருக்கும் நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் எல்லை எதுவென்று பதினொரு வயதுவாக்கில் தெரிந்துபோயிற்று. நன்கொடையாளர்களுக்காக நடந்த தனிக்கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா அப்பாவை, வெள்ளையருக்கு இடம் விடச் சொல்லிப் பின்னால் அனுப்பினார்கள். அவர்களை மறுபடி முன்னால் உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று சிறுமி எழுந்து நின்றாள். உட்கார வைத்தார்கள், வாசித்தாள். நீனாவின் அரசியல் 1963இல் தொடங்கியது என்று நாம் எழுதுகிறோம். பியானோ முன்னாலேயே அது தொடங்கிவிட்டிருந்தது.

3

ஆஷ்வில் நகரின் ஆலன் உயர்நிலைப் பள்ளியை 1950இல் முதல் மாணவியாக முடித்தார். அந்தக் கோடையில் நிதியிலிருந்த பணம் அவரை நியூயார்க்கின் ஜூலியார்டுக்குக் கொண்டுபோயிற்று. அங்கே ஆசிரியர் கார்ல் ஃப்ரீட்பர்க், கிளாரா ஷூமனிடம் நேரடியாகப் பயின்றவர். ஐரோப்பியப் பியானோ மரபின் நடுவிலிருந்து இரண்டே தலைமுறைத் தூரம். ‘இயற்கையான தாளம் ரத்தத்திலேயே இருக்கு’ என்று கறுப்பினக் கலைஞர்களைப் பற்றி அள்ளிவிடுகிறவர்கள் இந்தத் தகவலை ஒரு நிமிடம் யோசிக்கலாம். பயிற்சியும் பரம்பரையும் பணமும் சேர்ந்துதான் ஒரு பியானோ கலைஞர் உருவாகிறார்.

பணம் தீர்ந்துகொண்டிருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரி 1928 முதல் கட்டணம் வாங்காத நிறுவனம். அதனால்தான் அது ஒரே வழியாக இருந்தது. மகள் சேர்ந்துவிடுவாள் என்று நம்பிக் குடும்பமும் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1951 ஏப்ரலில் தேர்வு. வாசித்தார். இடமில்லை என்று பதில் வந்தது.

கறுப்பினப் பெண் என்பதால்தான் மறுத்தார்கள் என்று பிறர் சொல்லிக் கேட்டு, அவரும் கடைசிவரை அப்படியே நம்பினார். கர்ட்டிஸில் கற்பித்தவரும், பிறகு யூனிஸுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவருமான விளாடிமிர் சோகலாஃப், நிறம் காரணமல்ல, அவரைவிடச் சிறப்பாக வாசித்தவர்கள் இருந்தார்கள் என்றார். தகுதி. அவ்வளவுதான். இந்தச் சொல்லை எங்கே, எந்தக் குரலில் கேட்டிருக்கிறோம் என்று வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

தேர்வறைக்குள் நடந்ததற்குச் சாட்சியம் கிடைக்காது. தன் சுயசரிதையில் நீனா இதைத்தான் காயமாகச் சொல்கிறார்: காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவமானமும் கோபமும் ஒருபக்கம், ஒருவேளை நமக்குத்தான் திறமை போதாதோ என்ற அரிப்பு மறுபக்கம். ஒதுக்குதல் இப்படித் தன் வேலையில் பாதியை ஒதுக்கப்பட்டவரிடமே விட்டுவிடுகிறது. அதோடு ஊருக்குப் பட்ட கடனும் இருந்தது. நிதி கொடுத்த ட்ரையனுக்கு என்ன பதில் சொல்வது?

4

இங்கே நமக்குச் சங்கடமான ஒரு உண்மையைத் தாண்டிப்போகக் கூடாது. கர்ட்டிஸ் கறுப்பினத்தவரைச் சேர்த்ததே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பின இளைஞர் அங்கே ருடால்ஃப் செர்கினிடம் பியானோ படித்து 1945இல் பட்டம் பெற்றார். அப்படியானால் வாதம் முடிந்ததா? வாக்கருக்கு அதன்பின் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

அதே 1945இல் நியூயார்க் டவுன் ஹாலில் அவருடைய அரங்கேற்றம். அடுத்து ஆர்மண்டி நடத்திய ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவுடன் ரக்மானினாஃபின் மூன்றாம் கான்செர்ட்டோ. இப்படித் தொடங்கிய ஒரு வெள்ளை இளைஞருக்குக் கச்சேரிகள் தானாக வரிசைகட்டும். வாக்கருக்கு ஒரு பெரிய கச்சேரி முகவர் நிறுவனம் கிடைக்க 1950 ஆயிற்று. கிடைத்த பிறகும், கறுப்பினப் பியானோ கலைஞரை விற்பது கஷ்டம் என்பதே பேச்சு. அவர் வாழ்க்கை ஆசிரியப் பணியிலும் இசையமைப்பிலும் நிலைத்தது. 1996இல் இசைக்கான புலிட்சர் பரிசு வந்தது. அவருக்கும் வெகு முன்பே, 1904இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் வாசித்த ஹேசல் ஹாரிசன் தன் நாட்டில் பெரும்பாலும் கறுப்பினக் கல்லூரிகளில் கற்பித்தே காலம் கழித்தார்.

எனவே கர்ட்டிஸ் கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. கதவு திறந்திருந்தாலும் உள்ளே அடுத்தடுத்துக் கதவுகள்: முகவர், அரங்கம், இசைக்குழு, சீட்டு வாங்கும் கூட்டம். ஒருவர் நுழைந்ததைக் காட்டி நிறுவனம் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும். நுழைந்தவர் எங்கே நிறுத்தப்பட்டார் என்ற கணக்கை யாரும் வைத்திருப்பதில்லை. 1963 ஜனவரியில் பதினாறு வயது ஆந்த்ரே வாட்ஸ், பெர்ன்ஸ்டைன் நடத்திய நியூயார்க் இசைக்குழுவுடன் லிஸ்ட் வாசித்துப் புகழடைந்தபோதுதான் அந்த வரிசை உண்மையாகவே அசைந்தது.

5

யூனிஸ் கொஞ்சகாலம் ஒரு புகைப்படக் கூடத்தில் உதவியாளராக இருந்தார். பாட்டுப் பயிற்சிக் கூடத்தில் பக்கவாத்தியம் வாசித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். 1954 கோடையில் அட்லாண்டிக் சிட்டியின் மிட்டவுன் மதுக்கூடத்தில் வாரம் 90 டாலருக்கு வாசிக்கப் போனார். கச்சேரி மேடைக்கான கவுன் அணிந்து, கையில் பால் தம்ளருடன் உட்கார்ந்து வாசித்தார். பாடினால்தான் வேலை என்றார் முதலாளி, பாடினார். சாத்தானின் இசையை வாசிப்பது அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டார். நீனா சிமோன் பிறந்தது இப்படித்தான். சோகலாஃபிடம் படிக்கும் பாடத்துக்குக் காசு வேண்டும். அதற்கான வேலைப்பெயர் அது.

முதல் இசைத்தட்டு 1957இல் பதிவானது. ‘லவ் மீ ஆர் லீவ் மீ’ என்ற பாட்டின் நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு விரல்கள் பாஹ் பாணியில் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். அதை ஜாஸ் என்கிறார்கள். எனக்கு இப்போது அது, தேர்வறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர் வாசிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்வதாகக் கேட்கிறது. அந்தத் தட்டின் உரிமையை ஏறத்தாழ 3,000 டாலருக்கு எழுதிக்கொடுத்து ஏமாந்தது தனிக்கதை.

2003இல் கர்ட்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டம் அறிவித்தது. இரண்டு நாளில், ஏப்ரல் 21 அன்று, பிரான்சில் இறந்துபோனார்.

“நல்லவேளை” என்று நான் பேசியதை இப்போது திரும்பப் பெறுகிறேன். ஒடுக்கப்பட்டவரின் இழப்பு நமக்கு நல்ல பாட்டாகக் கிடைத்தது என்று மகிழும்போது, கதவை அடைத்தவனுக்கும் நன்றி சொல்லிவிடுகிறோம். கோபமான பாடல் அவர்களுக்கு, பாஹ் மற்றவர்களுக்கு என்று பங்கு பிரிக்கிறோம். நீனாவை நாம் கொண்டாடலாம், கொண்டாட வேண்டும். கூடவே, யூனிஸ் வேமன் வாசிக்காமல்போன கச்சேரிகளும் இசை வரலாற்றின் பகுதிதான் என்று எழுதிவைக்க வேண்டும். பின்வரிசைத் தோழருக்கு என் பதில் இவ்வளவுதான்.