கருமையும் செம்மையும்: ஏதென்ஸ் மட்கல ஓவியங்கள்

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரக் குயவர்கள் தொடங்கிவைத்து, அடுத்த நூற்றாண்டில் ஏதென்ஸ் குயவர்கள் உச்சத்துக்குக் கொண்டுசென்ற கருநிற உருவ ஓவியமுறையில், மனிதரும் விலங்கும் செந்நிற மண்பரப்பின்மீது நிழலுருக்களாக, அதாவது புறவடிவம் மட்டுமே துலங்கும் கரிய உருக்களாக நிற்கின்றனர். அக்கருமை சாயத்தால் வந்ததன்று. இரும்புச்சத்துள்ள களிமண்ணை நன்கு வடித்தெடுத்த குழம்பால் உருவத்தைத் தீட்டி, கலத்தைச் சூளையிலிட்டு, முதலில் காற்றைப் புகவிட்டும் பிறகு அதனை அடைத்துப் புகைமூட்டியும் இறுதியில் மீண்டும் திறந்துவிட்டும் சுட்டனர். புகைமூட்டத்தில் கலம் முழுவதும் கறுத்துவிடும். கண்ணாடித்தன்மை பெற்று இறுகிய குழம்புப் பகுதி மட்டும் கடைசிக் காற்றை ஏற்காமல் கருமையாகவே தங்க, எஞ்சிய மண் சிவப்புக்குத் திரும்பும். கண், தசை, ஆடையின் மடிப்பு ஆகியவற்றைச் சுடுவதற்கு முன்பே கூர்முனையால் கீறிவிடுவர்.

கருமையோடும் செம்மையோடும் சேர்ந்த நிறங்கள் வெள்ளையும் கருஞ்சிவப்பும் மட்டுமே. பெண்களின் மேனிக்கு வெள்ளையும் ஆண்களின் மேனிக்குக் கருமையும் இடுவது மரபாதலால், அவற்றை அம்மனிதரின் உண்மையான தோல்நிறமாகக் கொள்வது பிழையாகும். வெள்ளைப் பூச்சு எளிதில் உதிரக்கூடியது என்பதால், இன்று கறுத்துக் காணப்படும் பெண்முகம் ஒருகாலத்தில் வெண்முகமாக இருந்திருக்கலாம் என்பதையும் காண்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இச்சுருக்கமான நிறங்களுக்குள் எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு, எக்சீக்கியாஸ் என்னும் கலைஞர் ஏறத்தாழ கி.மு. 540–530இல் தீட்டி, இன்று வத்திக்கானில் உள்ள ஆம்போரா, அதாவது இருகைப்பிடி ஜாடி, தலைசிறந்த சான்று. டிராய்ப் போரின் வீரர்களான அக்கிலீசும் அயாக்சும் வேல்களைக் கைவிடாமலேயே குனிந்து பலகையாட்டம் ஆடுகின்றனர். அவர்கள் வாயருகே முறையே ‘நான்கு’, ‘மூன்று’ என்னும் சொற்கள் எழுதப்பட்டுள்ளன. இருவரும் ஒரே கருமையில் அமைந்திருந்தும், அக்கிலீஸ் தலைக்கவசம் அணிந்திருக்க, அயாக்சின் கவசமோ பின்னாலுள்ள கேடயத்தின்மேல் கழற்றி வைக்கப்பட்டிருப்பதால், ஒருவர் உயர்ந்தும் மற்றவர் தாழ்ந்தும் தெரிகின்றனர். ஆட்டத்தில் முந்துபவர் யார் என்பதைப் புறவடிவமே உணர்த்திவிடுகிறது. அவர்களுடைய மேலாடையில் மயிரிழையாய் ஓடும் கீறல்களோ, எத்தனை வண்ணங்கள் இருந்தாலும் எட்டமுடியாத நுட்பம் உடையவை.

ஏறத்தாழ கி.மு. 530–520இல் பின்புலத்தைக் கறுப்பாக்கி உருவத்தைச் செம்மையாக விடும் முறை தோன்றி, உட்கோடுகளைத் தூரிகையால் தீட்ட வழிசெய்ததால், பழைய முறை மெல்லப் பின்தங்கியது. ஆயினும் ஏதென்ஸில் நடந்த பானதெனேயா விழாப் போட்டிகளில் வென்றவர்களுக்கு ஒலிவ எண்ணெய் நிரப்பி வழங்கிய பரிசு ஜாடிகளில், கி.மு. 4ஆம் நூற்றாண்டிலும் கருநிற உருவங்களே தீட்டப்பட்டன.