கூரை ஓரத்துப் பலகை கல்லான கதை

மதுரைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்தால், சில இடங்களில் நீளவாக்கில் ஒரு பலகை அடித்திருப்பார்கள். வெறும் அழகுக்காக அல்ல. கைமரங்களின் வெட்டுநுனிதான் மழைநீரை முதலில் குடிக்கும். அது இற்றுப்போனால் ஓடு சரியும். அதற்குப் பதில் பலகை உளுத்தால், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கவலை ஓட்டை விடப் பழையது. கோயில்களில் வளைந்து இறங்கும் கல் விளிம்பைக் கொடுங்கை என்பார்கள். கல்லுக்கு ஏன் அந்த வளைவு? மரமும் ஓலையுமாக இருந்த கூரையின் இறவாரம் அது. அந்தக் கால மரக் கோயில்கள் இன்று நம்மிடம் இல்லை. ஆனால் சாட்சி இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக் கொள்கிறான். அதுவரை மற்றவர்கள் எதை வைத்துக் கட்டினார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறதே!

மதுரைக்குக் கிழக்கே, புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் இது உச்சத்துக்குப் போயிருக்கிறது. கொடுங்கையின் அடியில் கைமரம், குறுக்குச் சட்டம், ஆணித்தலை எல்லாமே கருங்கல்லில்! அந்தக் கொடுங்கையைத் தவிர எதையும் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம், செவிவழிச் செய்திதான். கல்லுக்கு ஆணி தேவையே இல்லை. வளைவு அப்படியல்ல, மழைநீர் இன்றும் சுவரை விட்டுத் தள்ளித்தான் சொட்டுகிறது.