ஜாங்கோ: செய்தி அறையில் பிறந்த வலைச் சட்டகம்

ஜாங்கோ என்பது பைத்தான் நிரலாக்க மொழியில் வலைச்செயலிகளை உருவாக்கப் பயன்படும் திறமூலச் சட்டகம் ஆகும். தரவுத்தளத் தொடர்பு, பயனர் உள்நுழைவு போன்று எல்லா வலைச்செயலிகளுக்கும் பொதுவான வேலைகளை இது ஆயத்தமாகத் தருகிறது.

2003-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழின் இணையப் பிரிவில் பணியாற்றிய ஏட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் பிஎச்பி மொழியை விட்டுப் பைத்தானுக்கு மாறினர். நாளிதழில் ஒரு புதிய பக்கம் கேட்கப்பட்டால் அது சில நாள்களில், சில வேளை சில மணி நேரத்தில் தயாராக வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரே நிரலைத் திரும்ப எழுத அவகாசம் இல்லை. ஆகவே பொதுவான பகுதிகளைத் தனியே பிரித்து வைத்தனர். அதுவே சட்டகமாக வளர்ந்தது. 2005 ஜூலையில் பிஎஸ்டி உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டபோது, ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதலில் வரும் 'டி' ஒலிக்கப்படுவதில்லை.

செய்தி அறையின் தடம் இன்றும் இதில் உண்டு. பக்க முகவரியில் வரும் சிறு பெயருக்கு ஜாங்கோ வழங்கும் 'ஸ்லக்' என்ற சொல் நாளிதழ்த் துறையிலிருந்து வந்தது. இன்னும் தெளிவான தடம் 'அட்மின்' எனப்படும் நிர்வாகப் பக்கம். நிரல் தெரியாத செய்தியாளரும் ஆசிரியரும் தாமே உள்ளடக்கத்தைச் சேர்க்க வேண்டும் என்ற தேவைக்கு இது விடையாக அமைந்தது.

முதன்முறை தொடங்கும் மாணவர் 'ஸ்டார்ட்புராஜெக்ட்' கட்டளை உருவாக்கும் கோப்புகளைக் கண்டு திகைப்பது இயல்பு. அவை அனைத்தையும் அன்றே புரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதிகாரபூர்வப் பயிற்சி ஒரு சிறிய வாக்கெடுப்புச் செயலியைக் கட்டுகிறது. அதில் கேள்வி, விடைத்தேர்வு என இரண்டு தரவு மாதிரிகளை எழுதி அட்மினில் பதிவுசெய்தால், எச்டிஎம்எல் ஒரு வரிகூட எழுதாமல் தரவு உள்ளிடும் படிவங்கள் கிடைத்துவிடும். ஜாங்கோவின் பயன் விளங்கும் இடம் இதுவே.

பழைய பாடங்களைப் பின்பற்றுவோர் பதிப்பு எண்ணைப் பார்ப்பது நல்லது. தரவுத்தள மாற்றங்களைக் கையாளும் 'மைகிரேஷன்' வசதி 2014-இல் 1.7 பதிப்பில் உள்ளிணைக்கப்பட்டது. அதற்கு முந்தைய 'சிங்க்டிபி' கட்டளை 1.9 பதிப்பில் நீக்கப்பட்டது. 2017 இறுதியில் வந்த 2.0 பதிப்பு, பைத்தான் 2-க்கான ஆதரவைக் கைவிட்டு, முகவரிகளை எளிதாக எழுதும் 'பாத்' முறையைக் கொண்டுவந்தது.