பாசனம் இல்லாத விவசாய மந்திரி

1920 டிசம்பர் 17. சென்னை மாகாணத்தில், தேர்தலில் வென்ற ஒரு கட்சியிலிருந்து முதல்முறையாக மூன்று மந்திரிகள் பதவியேற்றார்கள். முதன்மை மந்திரி கடலூர் சுப்பராயலு ரெட்டியார். உடன் ராமராயநிங்கார் (பனகல் அரசர் என்றால் எல்லோருக்கும் தெரியும்), கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு. மூவரும் நீதிக்கட்சி. காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்திருந்தது. சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் 12 லட்சம் சொச்சம். அவர்களிலும் கால்வாசிப் பேர்தான் வாக்களித்தார்கள்.

1919ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாட்டுக்கு இரட்டையாட்சி என்று பெயர். கல்வி, சுகாதாரம், விவசாயம், ஸ்தல ஸ்தாபனங்கள் எல்லாம் மந்திரிகளுக்கு. நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் ஆகியவை கவர்னருக்கும் அவரது நிர்வாக சபைக்கும். செலவு வைக்கும் துறைகள் ஒரு பக்கம், வரவும் அதிகாரமும் மறுபக்கம்.

இந்த ஏற்பாட்டில் அதிகம் அவதிப்பட்டவர் ரெட்டி நாயுடுதான். அவருடைய இலாகாவின் பெயர் வளர்ச்சித் துறை. ஆனால் காடுகள் அவரிடம் இல்லை. விவசாயம் உண்டு, பாசனம் கிடையாது; வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு மிராசுதாரர் வந்து நின்றால், அவரை வேறொரு அறைக்குத்தான் அனுப்பவேண்டும். தொழில் துறையும் அவருடையதே. ஆனால் தொழிற்சாலைகள், பாய்லர்கள், மின்சாரம், சுரங்கம், தொழிலாளர் என்று தொழிலுக்கு உயிரான எதுவும் அவர் கையில் இல்லை. இதையெல்லாம் அவரே பின்னாளில் வெளிப்படையாக அடுக்கிச் சொல்லி முறையிட்டார். துறைச் செயலாளர்களோ மந்திரியைத் தாண்டி நேராகக் கவர்னரிடமே போகலாம்.

பணம் இன்னும் மோசம். மெஸ்டன் குழு வகுத்த கணக்கின்படி, மாகாணங்கள் மத்திய அரசுக்குச் செலுத்தவேண்டிய தொகை ஆண்டுக்கு 983 லட்சம் ரூபாய். அதில் சென்னையின் பங்கு மட்டும் 348 லட்சம். பம்பாய்க்கு 56 லட்சம்தான்! பள்ளிக்கூடம் திறக்க மந்திரி பணம் கேட்டால் கஜானாவில் இல்லை என்ற பதில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நெருக்கடிக்குள்ளும் அவர்கள் செய்தவற்றைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை தர இந்திய மாகாணங்களிலேயே முதலில் முன்வந்தது சென்னைச் சட்டசபை. அதே ஆண்டில் வகுப்புவாரி உரிமைக்கான அரசாணை வந்தது. கோயில் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தும் அறநிலையச் சட்டமும் பனகல் அரசர் காலத்தியதே. பணம் அதிகம் தேவைப்படாத, சட்டத்தால் மட்டுமே சாதிக்கக்கூடிய வேலைகளை அவர்கள் தேடிப் பிடித்துச் செய்தார்கள். அதை அரசியல் சாமர்த்தியம் என்றே சொல்வேன்.

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1937 ஏப்ரல் 1ஆம் தேதி இரட்டையாட்சி முடிந்து மாகாண சுயாட்சி தொடங்கியது. இப்போது எல்லா இலாகாக்களும் மந்திரிகளுக்கே. ஆனால் கவர்னருக்குத் தனிப்பொறுப்புகள் என்று சில அதிகாரங்களை அந்தச் சட்டம் விட்டுவைத்திருந்தது. அவற்றைப் பயன்படுத்தமாட்டேன் என்று கவர்னர் உறுதி தராதவரை பதவியேற்க மாட்டோம் என்றது, 215 இடங்களில் 159ஐ வென்றிருந்த காங்கிரஸ். அந்த இடைவெளியில் சென்னையின் பிரதம மந்திரியாக உட்கார்ந்தவர் யார்? அதே ரெட்டி நாயுடு! 1920இல் அதிகாரமில்லாத இலாகா. 1937இல் இலாகாக்கள் அனைத்தும் உண்டு, சட்டசபையில் பெரும்பான்மை இல்லை. காங்கிரஸ் பதவியேற்க இசைந்த பிறகு, ஜூலை 14 அன்று ராஜாஜி பொறுப்பேற்றார்.

அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப ராஜாஜி புதிய வழி ஒன்றைக் கண்டார். 1939இல் வந்த அந்தப் பொது விற்பனை வரிதான் இந்தியாவிலேயே முதலாவது. மாகாண அரசு மற்றவர் தயவை எதிர்பார்க்காமல் தானே வரி போட்டுத் தானே செலவழிக்கும் காலம் அங்கேதான் பிறந்தது. என்னைக் கேட்டால், 1937ஆம் ஆண்டுத் தேர்தலை விட இந்த வரி பெரிய திருப்பம்.

1939 அக்டோபரில் உலகப்போர் காரணமாக ராஜாஜி அமைச்சரவை விலகியது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி கவர்னர் ஆட்சி வந்து 1946 வரை நீடித்தது. அந்தப் பிரிவின் வாரிசுதான் நம் அரசியல் சாசனத்தின் 356ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை அரசுகள் அதனால் பறிபோயின. 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதற்குக் கடிவாளம் போட்டது.

அரசைக் கலைப்பது கடினமாகிவிட்டது. வரி விஷயத்திலோ காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைக்கும் விகிதம்தான். சென்னை மாகாணம் கண்டுபிடித்துக் கொடுத்த விற்பனை வரியில், மாநிலம் தானே விகிதம் வைக்க மிஞ்சியிருப்பவை பெட்ரோல், டீசல், மது போன்ற ஒரு சில மட்டுமே.