உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை வாய்ப்புகளை இந்தியக் கால்பந்து அணி இழந்தது எப்படி? ரசிகர்களின் கேள்விகளும் விளக்கங்களும்

புதுடெல்லி: உலகக் கோப்பையில் ஆசியாவுக்கான இடங்கள் ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தன. ஆசியக் கோப்பையில் ஆடும் அணிகளின் எண்ணிக்கையும் 16இல் இருந்து 24 ஆகியது. ஆயினும் 2026 உலகக் கோப்பைக்கும் 2027 ஆசியக் கோப்பைக்கும் தகுதி பெற இந்திய ஆடவர் அணி தவறிவிட்டது. வாய்ப்புகள் பெருகிய காலத்திலேயே அணி பின்தங்கியது ஏன் என்பதே கால்பந்து ரசிகர்களிடையே நீடிக்கும் விவாதம். அவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்விகளுக்கான விளக்கங்கள் வருமாறு:

தகுதிச் சுற்று எவ்வாறு நடைபெற்றது?

2022 உலகக் கோப்பையில் ஆசியாவுக்கு 4 நேரடி இடங்களும், கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப் மூலம் மேலும் ஒரு வாய்ப்பும் இருந்தன. 2026 தொடரில் அணிகளின் எண்ணிக்கை 32இல் இருந்து 48 ஆக உயர்த்தப்பட்டதால், ஆசியாவுக்கு 8 நேரடி இடங்களும் ஒரு பிளே-ஆஃப் வாய்ப்பும் கிடைத்தன.

இரண்டாம் சுற்றில் 36 அணிகள் 9 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரு இடங்களைப் பிடிக்கும் அணிகள், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்கு முன்னேறும். அந்த 18 அணிகளுக்கும் 2027 ஆசியக் கோப்பையில் ஆடும் உரிமையும் உடனே உறுதியாகும். எனவே பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தாலே இரு பெரும் பலன்கள் கிடைத்திருக்கும். கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் ஆகிய அணிகளுடன் ‘ஏ’ பிரிவில் இடம்பெற்ற இந்தியாவுக்கு அது எட்டக்கூடிய இலக்காகவே கருதப்பட்டது.

நம்பிக்கைக்குக் காரணம் என்ன?

2023ஆம் ஆண்டு அணிக்குச் சிறப்பாக அமைந்தது. கண்டங்களுக்கு இடையிலான கோப்பை, தெற்காசிய சாம்பியன்ஷிப் ஆகியவற்றை வென்ற இந்தியா, பிஃபா தரவரிசையில் 99ஆவது இடத்தைப் பிடித்தது. அவ்வாண்டு நவம்பர் 16 அன்று குவைத் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 எனத் தோற்கடித்தது. மன்வீர் சிங் அடித்த அந்த கோல், மூன்றாம் கட்டத்துக்கான வாயிலைத் திறந்துவிட்டதாகவே ரசிகர்கள் எண்ணினர்.

ஆனால் 2024 ஜனவரியில் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளிடமும் இந்தியா தோல்வியுற்றது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மார்ச் மாதத்தில் ஆப்கானிஸ்தானுடன் கோலின்றி டிரா செய்த பின், குவாஹாட்டியில் அதே அணியிடம் 1-2 எனத் தோற்றது. கேப்டன் சுனில் சேத்ரியின் 150ஆவது சர்வதேச ஆட்டம் அது.

அந்த 17 நிமிடங்களில் நடந்தது என்ன?

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டமும் 0-0 என முடிந்தது. அந்த ஆட்டத்துடன் சேத்ரி ஓய்வு பெற்றார். அப்போது அவர் 151 ஆட்டங்களில் 94 கோல்கள் அடித்திருந்தார்.

ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாருக்கு எதிரான கடைசி ஆட்டம் நடைபெற்றது. அதற்கு முன் இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் தலா 5 புள்ளிகளும், குவைத் 4 புள்ளிகளும் பெற்றிருந்தன. இந்தியா வென்றால் மறு ஆட்டத்தின் முடிவைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பதே கணக்கு. 37ஆவது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்தே கோல் அடித்து இந்தியாவுக்கு முன்னிலை அளித்தார். 73ஆவது நிமிடம் வரை அந்த முன்னிலை நீடித்தது. அப்போது கோல் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே சென்ற பந்து மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டு வலைக்குள் செலுத்தப்பட்டது. இந்திய வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் நடுவர் கோலை அங்கீகரித்தார். அந்தச் சுற்றில் காணொலி உதவி நடுவர் முறை இல்லை. 85ஆவது நிமிடத்தில் கத்தார் மேலும் ஒரு கோல் அடித்து 2-1 என வென்றது.

மறுபுறம் ஆப்கானிஸ்தானை 1-0 என வீழ்த்திய குவைத், 7 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தைக் கைப்பற்றியது. ஆகவே, கத்தாரின் அந்த ஒரு கோல் மட்டும் மறுக்கப்பட்டிருந்து, ஆட்டம் டிராவில் முடிந்திருந்தாலும் இந்தியா முன்னேறியிருக்க இயலாது. வெற்றி ஒன்றே வழியாக இருந்தது. நடுவரின் பிழை உண்மை எனினும், ஆறு ஆட்டங்களில் மூன்று கோல்கள் மட்டுமே அடித்த அணி கடைசி 17 நிமிடங்களை நம்பி நிற்க நேர்ந்தது ஏன் என்று கேட்கும் ரசிகர்களும் உள்ளனர். அடுத்த சில நாள்களில் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் நீக்கப்பட்டார்.

ஆசியக் கோப்பை வாய்ப்பு எவ்வாறு பறிபோனது?

எஞ்சிய 6 ஆசியக் கோப்பை இடங்களுக்காக 24 அணிகள் 6 பிரிவுகளில் மோதின. இம்முறை பிரிவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே தகுதி. இந்தியாவுடன் ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம் ஆகியவை இடம்பெற்றன. முதல் ஐந்து ஆட்டங்களின் முடிவுகள்:

2025 மார்ச் 25, ஷில்லாங்: வங்கதேசத்துடன் 0-0
2025 ஜூன் 10, ஹாங்காங்: ஹாங்காங்கிடம் 0-1 தோல்வி
2025 அக்டோபர் 9, சிங்கப்பூர்: சிங்கப்பூருடன் 1-1
2025 அக்டோபர் 14, மட்காவ்: சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி
2025 நவம்பர் 18, டாக்கா: வங்கதேசத்திடம் 0-1 தோல்வி

ஹாங்காங்கில் காயங்களுக்கான கூடுதல் நேரத்தில் வழங்கப்பட்ட பெனால்டி தோல்வியைத் தந்தது. சிங்கப்பூரில் பத்து பேருடன் ஆடி, 90ஆவது நிமிடத்தில் ரஹீம் அலி அடித்த கோலால் ஒரு புள்ளி மீண்டது. ஐந்தே நாள்களில் மட்காவில் முன்னிலை பெற்றும் தோற்றதால் வாய்ப்பு முற்றாக முடிந்தது. டாக்கா தோல்வி, 22 ஆண்டுகளில் வங்கதேசத்திடம் இந்தியா கண்ட முதல் தோல்வியாகும். ஐந்து ஆட்டங்களில் கிடைக்கக்கூடிய 15 புள்ளிகளில் இந்தியா பெற்றவை இரண்டு. அடித்த கோல்களும் இரண்டே.

ரசிகர்கள் எழுப்பும் வாதங்கள் யாவை?

முதலாவது, கோல் அடிப்போர் பஞ்சம். ஓய்வு பெற்ற சேத்ரியை 40ஆவது வயதில் மீண்டும் அழைக்க வேண்டிய நிலை 2025 மார்ச்சில் ஏற்பட்டது. இந்தியன் சூப்பர் லீக் அணிகள் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களையே முன்களத்தில் நிறுத்துவதால், இந்திய இளைஞர்கள் பக்கவாட்டுக்கோ மாற்று வீரர் இருக்கைக்கோ தள்ளப்படுகின்றனர் என்பது நெடுநாளைய குறை.

இரண்டாவது, வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினரைச் சேர்ப்பது. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஹம்சா சவுத்ரி, ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராகவே வங்கதேசத்துக்காக அறிமுகமானார். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதோர் நாட்டுக்காக ஆட இயலாது. ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து 2013இல் இந்தியாவுக்காக ஆடிய அராட்டா இசுமிக்குப் பின், ஆஸ்திரேலியாவில் பிறந்த ரையான் வில்லியம்ஸ் 2025 நவம்பரில் அவ்வழியைத் தேர்ந்தார். அயல்நாட்டு வீரர்களைத் தேடுவதைவிட உள்ளூர்ப் பயிற்சிக் கூடங்களில் முதலீடு செய்வதே நிலையான தீர்வு என்று மறுதரப்பினர் வாதிடுகின்றனர்.

மூன்றாவது, நிர்வாகம். அகில இந்திய கால்பந்து கூட்டமைப்புக்கும் லீக் தொடரை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010இல் கையெழுத்தான 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவடையும் தறுவாயில் புதுப்பிக்கப்படாததால், 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. தாமதமாக 2026 பிப்ரவரி 14 அன்றே அது தொடங்கியது. எனவே சிங்கப்பூர், டாக்கா ஆட்டங்களை லீக் ஆட்டப் பயிற்சி ஏதுமின்றியே வீரர்கள் எதிர்கொண்டனர். ஸ்டிமாக்குக்குப் பின் வந்த மனோலோ மார்க்வெஸும் ஓராண்டில் விலக, 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் பொறுப்பேற்றார்.

இனி என்ன?

2027 ஜனவரியில் சவுதி அரேபியாவில் தொடங்கும் ஆசியக் கோப்பை இந்தியா இன்றி நடைபெறும். 2019, 2023 தொடர்களில் அடுத்தடுத்து இடம்பெற்ற அணிக்கு இது பெரும் பின்னடைவு. டாக்கா தோல்விக்குப் பின் தரவரிசையில் 142ஆவது இடத்துக்கு இந்தியா சரிந்ததும் கவலைக்குரியது. தரவரிசையே தகுதிச் சுற்றில் அணிகளைப் பிரிக்கும் அளவுகோல் என்பதால், அது தாழத் தாழ வலுவான எதிரணிகளுடன் மோத நேரும்.

அதே தகுதிச் சுற்றின் வழியே உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுள்ளன. 2018இல் மும்பையில் சுமார் 2,500 பேர் மட்டுமே ஆட்டம் காண வந்தபோது, எங்களை ஏசுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்ற பொருள்படச் சேத்ரி காணொலியில் வேண்டினார். அடுத்த ஆட்டத்துக்கே அனுமதிச் சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. அன்றைய வேண்டுகோளை ஏற்று வந்த ரசிகர்கள் இன்றும் விமர்சிக்கின்றனர். அவர்கள் கேட்பது அடுத்த தகுதிச் சுற்றுக்கு முன் ஒழுங்காக நடைபெறும் ஒரு லீக்கையும், கோல் அடிக்கக்கூடிய ஒரு முன்கள வீரரையும்தான்.