பின்னொளிர்வு

பின்னொளிர்வு (பெயர்ச்சொல்): ‘ஒளிர்’ என்ற வினையடி ‘வு’ விகுதி பெற்று ‘பின்’ என்பதோடு சேர்ந்தது. மூல ஒளி அடங்கிய பிறகு தெரியும் ஒளி என்பது பொருள். குமரிக் கடற்கரையில் கதிரவன் மறைந்த பின் மேற்கு வானில் நிற்கும் சிவப்புக்குச் செக்கர் என்ற பழஞ்சொல் உண்டு. வானியலார் பின்னொளிர்வு எனக் குறிப்பது வேறு: காமா கதிர் வெடிப்புக்குப் பின் தெரியும் ஒளி.

காமா கதிர் வெடிப்பு பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். அதிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும் தாரை, சுற்றியுள்ள வாயுவில் மோதி அதிர்வலையை எழுப்புகிறது. அங்கே முடுக்கம் பெறும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று சிங்க்ரோட்ரான் கதிர்களை உமிழ்கின்றன. ஆகவே இது எஞ்சிய ஒளியன்று, புதிதாகப் பிறப்பது. அவ்வளவில் சொல் சற்றே ஏமாற்றும். எக்ஸ் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, ரேடியோ அலை என எல்லாவற்றிலும் இது புலப்படும்; ரேடியோவில் மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. 1997 பிப்ரவரி 28 அன்று நிகழ்ந்த வெடிப்பில்தான் பின்னொளிர்வு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

ஒளி மங்கும் போக்கைச் சமன்பாடுகளோடு பொருத்தி, வெடிப்பின் ஆற்றல், வாயுவின் அடர்த்தி, தாரையின் கோணம் ஆகியவற்றை மதிப்பிடுவது பின்னொளிர்வு மாதிரியாக்கம். திருவனந்தபுரத்தில், இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இவ்வாய்வு நடக்கிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலின் பின்னொளிர்வைப் புனே அருகிலுள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியும் பதிவு செய்தது.